குதிரை படையெடுத்த செய்தி

கொடைக்கானல் மலையில் கவுஞ்சி ஊர்ப் பொன்னுத்தாய்க்கு இங்கிலீஷ் வந்தது பூண்டுக் காட்டில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவள் அண்ணன் சின்னச்சாமி, ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனார். புருஷன் மணியன் அதில் பாட்டுக் கேட்டான். பொன்னுத்தாய்க்கோ செய்திதான் பிடித்தது. களை எடுக்கும்போது பெட்டியை வரப்பில் வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தபோது ஏதோ அயல்நாட்டு நிலையம் அகப்பட்டது. ஒருவன் இங்கிலீஷில், பச்சைப்பிள்ளைக்குச் சோறூட்டுவது போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான். முதலில் செய்தி, பிறகு சரித்திரக் கதை.

“என்ன இவன், பல்லு வலிக்காரன் மாதிரி பேசுறான்?” என்றான் மணியன்.

“நம்மளுக்குப் புரியணும்னுதாங்க நிதானமாப் பேசுறான். செத்த சும்மா இருங்க.”

அவளுக்கு உடனே ஒன்றும் புரிந்துவிடவில்லை. ஆனால் சற்று முன் தமிழில் கேட்ட செய்தியில் வந்த ஊர்ப் பெயர்கள் இதிலும் வந்தன. தமிழில் ‘போர் நிறுத்தம்’ என்ற இடத்தில் இவன் ‘சீஸ்ஃபயர்’ என்றான். அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். அலெக்சாண்டர் கதை வந்த அன்று அவளுக்குக் கொண்டாட்டம். ஐந்தாம் வகுப்பில் படித்த கதை அல்லவா! அவன் யார்மேல் பாய்ந்தான், யார் யானையோடு வந்து நின்றார் என்பதெல்லாம் தெரியும். சொல் மட்டும்தான் புதிது. அதை முணுமுணுத்துக்கொண்டே களை பிடுங்குவாள்.

இரண்டு வருஷத்தில் யுத்தம், ஒப்பந்தம், புரட்சி, பாராளுமன்றம் எல்லாம் இங்கிலீஷில் அவளுக்கு அத்துப்படி. உப்புக்கும் கரண்டிக்கும் மட்டும் இங்கிலீஷ் தெரியாது. அந்த ஆள் ஒருநாளும் உப்பைப் பற்றிப் பேசியதில்லை. பக்கத்து வீட்டுக் கோழி தோட்டத்துக்குள் நுழைந்தால் “இன்வேஷன்!” என்று கத்துவாள். மணியன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் “பேச்சுவார்த்தைக்கு வாரீங்களா?” என்று அதையும் இங்கிலீஷில் கேட்பாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வெளியாள் யாரிடமும் அவள் பேசிப் பார்த்ததில்லை. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெள்ளைக்காரர்கள் காய் வாங்க வந்தால், தரகர் குமாரவேல் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அவர் இருக்கும்போது வாயைத் திறக்க அவளுக்குக் கூச்சம்.

1966 மே மாதத்தில் ஒரு ஞாயிறு, குமாரவேல் மகளுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போயிருந்தார். பொன்னுத்தாய் பூண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த கடை இருளாயியுடையது, காரட் குவியல். கொடைக்கானல் பள்ளி ஒன்றில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்காரம்மா மிஸ் ஹார்லன், தன் பழுப்புக் குதிரையைக் கையில் பிடித்தபடி வந்தார். எதிர்க்கடை முட்டைக்கோசை அமுக்கிப் பார்க்க அவர் குனிந்த நேரம் பார்த்து, குதிரை காரட் குவியலுக்குள் தலையை விட்டது.

“அடிப்பாவி! என் காய் போச்சே!” இருளாயி எழுந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தம்மா ஏதோ படபடவென்று சொன்னார். இருளாயி அதைவிடப் படபடவென்று சொன்னாள். கூட்டம் கூடிவிட்டது. குதிரை மட்டும் தன் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏத்தா பொன்னுத்தாயி, நீதான் ரேடியோப்பொட்டியில இங்கிலீசு கேக்குறயே, சொல்லேண்டி!” என்றாள் இருளாயி.

அன்று குமாரவேலும் இல்லை. பொன்னுத்தாய் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, அந்த ஆள் எப்படித் தொடங்குவானோ அப்படியே தொடங்கினாள்.

“குட்... ஈவினிங். ஹியர்... இஸ்... த நியூஸ்.”

அப்போது காலை பத்து மணி. மிஸ் ஹார்லன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

இன்று ஒரு குதிரை இருளாயியின்மீது படையெடுத்தது என்றாள் பொன்னுத்தாய், ஒவ்வொரு சொல்லாக. பல காரட்டுகள் உயிரிழந்தன. மக்கள் கொந்தளிப்பில் உள்ளனர்.

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் குதிரையின் கழுத்திலேயே சாய்ந்துகொண்டார். பிறகு அவரும் அதே நிதானத்தில், மக்களின் கோரிக்கை என்ன என்று கேட்டார்.

“சனங்க என்ன கேக்குறாங்கன்னு கேக்குறாங்க” என்று பொன்னுத்தாய் திரும்பிச் சொன்னாள்.

“சனம் எங்கடி வந்துச்சு? நான் ஒருத்திதானே கேக்குறேன்! எச்சிப்பட்ட குவியலை அவுங்களே காசு குடுத்து எடுத்துக்கட்டும்.”

பொன்னுத்தாய் கையை உயர்த்தினாள். “சீஸ்ஃபயர்!” இருளாயி காரட்டைத் தருவாள், அம்மா முழுவதையும் வாங்கிக்கொள்வார், குதிரை பின்வாங்க வேண்டும். மிஸ் ஹார்லன் ஒப்புக்கொண்டார். குதிரைதான் பின்வாங்க மறுத்தது; நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்தால் இரு தரப்பும் கைகுலுக்க வேண்டும் என்பது பொன்னுத்தாய்க்குத் தெரியும். அதையும் செய்ய வைத்தாள். இருளாயி கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். சந்தையே கைதட்டியது.

அப்புறம் அந்தம்மா பொன்னுத்தாயைப் பார்த்து, “ஹௌ ஆர் யூ?” என்றார்.

பொன்னுத்தாய் விழித்தாள். செய்தியில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதேயில்லை. மிஸ் ஹார்லன் யோசித்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தார்: “நீ... தண்ணி கொண்டு வா?” சமையல்காரியிடம் பேசுகிற தமிழ் மட்டும்தான் அவருக்கு வரும். இப்போது சிரிப்பது பொன்னுத்தாயின் முறையாயிற்று.

“எனக்கு இங்கிலீசுல உப்பு புளி தெரியாது, அவுங்களுக்குத் தமிழ்ல உப்பு புளியைத் தவிர ஒண்ணும் தெரியாது” என்று சாயங்காலம் மணியனிடம் சொன்னாள். “வாராவாரம் சந்தை முடிஞ்சதும் பேசிக்கிடலாம்னு இருக்கோம்.”

அப்படியே நடந்தது. சந்தை கலைகிற நேரம் இருவரும் காலிச் சாக்கின்மேல் உட்காருவார்கள். மிஸ் ஹார்லன் கரண்டி, உப்பு, சௌக்கியமா என்று சின்னச் சின்ன இங்கிலீஷாகக் கொடுப்பார். பொன்னுத்தாய் பதிலுக்குக் கவுஞ்சிச் செய்திகளைத் தமிழில் நிதானமாக வாசிப்பாள்: மேற்கு எல்லையில் பலத்த மழை. பாப்பம்மாள் வீட்டுப் பசு இரட்டைக் கன்று ஈன்றது, தாயும் சேய்களும் நலம். பூண்டு விளைச்சல் குறித்து மணியன் நம்பிக்கை தெரிவித்தார்.