லேசாகச் சுற்றிய கைப்பிடி

அண்ணன் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையைத் தோள்வரை மெஷினுக்கு அடியில் விட்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் கழுவிக்கொண்டிருந்த பல்சக்கரம் நழுவி மண்ணெண்ணெய்த் தட்டுக்குள் விழுந்தது.

என்னத்தைப் போட்டாய் பாப்பா என்று அவன் அங்கிருந்தே கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். முப்பத்திரண்டு வயதாகியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அவள் கை பட்டது எதுவும் உருப்படாது என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பேச்சு உண்டு. கடிகாரம், தண்ணீர்க் குழாய், தையல் மெஷின், கடைசியில் கல்யாணமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு அண்ணன் தன் பட்டறையில் ஒரு வேலை கொடுத்தான். துடைப்பதும் கழுவுவதும் மட்டும்.

மெஷின், மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய இரும்பாக வந்தது. இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின். இரண்டு மாதமாக அண்ணன் அதனோடு மல்லுக்கட்டுகிறான். மோட்டாருக்குப் புதுச் சுருள் சுற்றினான், பெல்ட்டை மாற்றினான், எங்கிருந்தோ வந்த கிறீச்சொலியைத் தேடிப் பிடித்து அடக்கினான். இனி ஒன்றுதான் பாக்கி. மேஜையைத் தாங்கும் இரும்புப் பீடம் மேலே ஏற முரண்டு பிடித்தது.

முன்னாலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், பீடத்துக்கு அடியிலுள்ள தடித்த திருகு வெண்கல நட்டு ஒன்றுக்குள் திரும்பும். பீடம் ஏறும், இறங்கும். பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை இறுக்கினால் பீடம் தூணோடு கவ்விக்கொள்ளும். அதற்குப் பெயர் பூட்டு.

நேற்று மதியம் அண்ணன் வெளியே போயிருந்தான். பீடத்துக்கு அடியில் துடைக்கலாம் என்று அவள் கைப்பிடியைச் சுற்றினாள். அசையவில்லை. பூட்டு இறுகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அண்ணன் செய்வதுபோலக் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதில் போட்டாள். உள்ளே ‘டக்’ என்றது. அப்புறம் கைப்பிடி ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

சரியாகிவிட்டது என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டாள். பத்துச் சுற்றுச் சுற்றினாள். பீடம் நூலளவும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. நட்டுக்குள் திருகைப் பற்றும் புரி தேய்ந்து போய்விட்டது. ஐந்தாறு ஆள் எடையுள்ள பீடமும் மேஜையும் இப்போது அந்தப் பூட்டின் பிடியில் மட்டும் தொங்குகின்றன.

ராத்திரி சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பிடும்போது அண்ணன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். காலையில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். காலையும் போய்விட்டது.

“கீழ பழைய கிரீஸும் இரும்புத் தூளும் சேந்து கல்லா கெடக்கு,” என்றான் அண்ணன். அவன் கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. “பூட்டை லூஸ் பண்ணிட்டு, மேல நாலு சுத்து ஏத்து. கை இன்னும் உள்ள போகணும்.”

அவள் எழுந்து போனாள். நெம்புகோலைப் பிடித்தாள். தளர்த்துவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கினாள். கைய எடுண்ணா என்றாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

“எனக்குச் சொல்றியா, எறும்புக்குச் சொல்றியா?”

அவன் தோளையும் அதற்கு மேலே நின்ற இரும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் ஒரு சாண்கூட இல்லை. எல்லாவற்றையும் அளந்து அளந்து செய்கிறவன், ஒரு மரக்கட்டையைக்கூட முட்டுக் கொடுக்கவில்லை. அந்தத் திருகை அவ்வளவு நம்பியிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தாள். பட்டறை வேலை பாதி அவளுக்கும் அத்துப்படி. “ஒரு வேலை சொன்னா சிலையாட்டம் நிக்கிறா. நகரு, நான் பண்றேன்,” என்று சொல்லிக்கொண்டே நெம்புகோலில் கை வைத்தாள்.

அவள் அண்ணியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். வளையல் ஒன்று நொறுங்கியது.

“தொடாதீங்க அண்ணி. நட்டு போயிடுச்சு. நேத்து நான்தான் உடைச்சேன். பூட்டுதான் தாங்குது.”

அடியில் சுரண்டும் சத்தம் நின்றது. அப்புறம் தோள் வெளியே வந்தது. முழங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. கரி பிடித்த விரல்கள் ஐந்தும் வெளியே வரும்வரை அவள் அண்ணியின் கையை விடவில்லை.

அண்ணன் திட்டவில்லை. கைப்பிடியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். அது காற்றாடிபோலச் சுற்றியது. ஜாக்கியையும் கனத்த மரக்கட்டைகளையும் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தான். இருவரையும் வாசல் பக்கம் போகச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று பூட்டைத் தளர்த்தினான்.

பீடம் ‘தொம்’மென்று இறங்கியது. இறங்கியது என்னவோ இரண்டு விரற்கடைதான். அதற்கே மேல்கட்டை நெடுக்காகப் பிளந்தது. அண்ணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்தே ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சு.”

“மெஷினைப் பாத்தா?”

“உன்னப் பாத்துதாண்ணா.”

இவ கை எப்பவுமே, என்று அண்ணி ஆரம்பித்தாள். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

நட்டைக் கழற்றினால்தான் புதிதாக ஒன்று கடைய முடியும். அதற்கு நான்கு போல்ட்டுகள், எல்லாமே அடியில். அண்ணன் பிளந்த கட்டையை மாற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, பூட்டை மறுபடி இறுக்கினான். ஸ்பேனரோடு படுத்தான். கையை மணிக்கட்டுவரை விட்டான், இழுத்துக்கொண்டான். மறுபடி விட்டான். மறுபடி இழுத்துக்கொண்டான். கை வழுக்குகிறது என்று சொல்லித் துணியில் துடைத்தான். கை காய்ந்துதான் இருந்தது.

அவள் அவன் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு படுத்தாள். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. மேலே இரும்பு புறங்கையை உரசியபோது, ஸ்பேனரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அண்ணன் குந்தி உட்கார்ந்து பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “பேசிக்கிட்டே இரு பாப்பா. சத்தமா. எனக்குக் கேக்கணும்.”

“மொத போல்ட் கையில பட்டுடுச்சு. ஸ்பேனர் உக்காந்துடுச்சு. சுத்துது.”

“ம்.”

“இடிக்குது.”

“எது?” அவன் குரல் உடைந்தது.

“என் முழங்கைதான்.”

ஒவ்வொன்றாக மூன்று போல்ட் வந்தன. துரு, பிசுக்கு, குளிர் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. இனிச் சொல்ல எதுவும் இல்லாமல், நான்காவதின் சுற்றுகளை வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். குரல் வாசல்வரை கேட்டது. நாலு என்றதும் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள்.

“பாப்பா?”

“இருக்கேண்ணா. அஞ்சு.”