எதிர் வீட்டு விலாசம்

எதிர் வீட்டுத் தங்கம்மாள் வீட்டில் சக்கரவர்த்தி குடியிருக்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அவர் அங்கே குடியிருக்கவில்லை என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். அரசாங்கமும் தெருவும் பேசிக்கொள்ளாதவரை ஒரு தொந்தரவும் இல்லை.

சக்கரவர்த்தியின் ஊர் கீழ்பென்னாத்தூருக்கும் அந்தாண்டை ஒரு கிராமம். அங்கிருந்து திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்குப் பதின்மூன்று மைல். அவருக்கு எங்களுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் ஐந்து மைலுக்குள் குடியிருக்க வேண்டும் என்று விதி. தங்கம்மாள் அவருக்கு அத்தை முறை. ஆகவே விதிக்குத் தங்கம்மாள் வீட்டுக் கதவு எண்ணைக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் தினமும் பதின்மூன்று மைல் சைக்கிள் மிதித்தார்.

குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டால் என்ன என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். நான் கேட்காத கேள்வி இந்தத் தெருவில் கம்மி. அவர் மனைவி ஆதிலட்சுமிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. அது வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, எண்பத்திரண்டில் வந்தது. உள்ளூரில் குடியிருக்கிறவளுக்குத்தான் அந்த வேலை. அவள் ஊரை விட்டு வந்தால் அவள் வேலை போகும். இவர் ஊரிலேயே இருக்கிறார் என்று தெரிந்தால் இவர் வேலைக்கு ஆபத்து.

இது போதாதென்று அவருடைய அப்பா அப்பாசாமிக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய் மூன்று வருஷம். பெரிய உடம்பு. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஆதிலட்சுமி ஒண்டியாகத் தூக்க முடியாது. அவள் காலைப் பிடிக்க, இவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அதனால் இவர் தினமும் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் ஒத்திப் போடலாம், அதை ஒத்திப் போட முடியாது.

பஸ் இல்லையா என்றால், இருக்கிறது. அவர் ஊருக்குள் வராது. கீழ்பென்னாத்தூர் வந்து காத்திருந்தாலும் ஆபீஸ் நேரத்து வண்டியில் படிக்கட்டில்தான் இடம், அதுவும் நிறுத்தினால்.

காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு அவர் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் நுழையும். சைக்கிளைத் தங்கம்மாள் வீட்டு நடையில் சாத்திவிட்டு, கிணற்றடியில் முகம் கை கால் கழுவி, கொடியில் காயும் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு ஆபீசுக்கு நடந்தே போவார். மூன்று தெருவுக்கு யாராவது சைக்கிளில் போவார்களா? வேர்த்து விறுவிறுத்து வந்தவர் நடையிலேயே நின்றுவிடுவார். ஆபீசுக்குப் போகிறவர் அப்போதுதான் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுக் கிளம்பினவர் மாதிரி இருப்பார். நாடகம் போல இருக்கும். எனக்கு அதைப் பார்க்காவிட்டால் காலை விடிந்த மாதிரியே இருக்காது.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. வைகாசியில் புது ஆபீசர் வந்தார். அருணகிரி என்று பெயர். மனைவி மக்களை மெட்ராசில் விட்டுவிட்டு இங்கே தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். பக்தி ஜாஸ்தி. தினமும் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி மலையைச் சுற்றுவார். ஏழு மணி வாக்கில் எங்கள் தெரு வழியாகத் திரும்புவார்.

ஒருநாள் நான் வாசலில் பால் சொம்போடு நிற்கிறேன். செருப்பில்லாத காலும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்தவர் என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, எங்க ஆபீஸ்ல சக்கரவர்த்தின்னு ஒருத்தர், அவர் வீடு இதுதானே?"

"இது இல்லீங்க. எதிர்ல, தங்கம்மா வீடு."

"எழுந்துட்டாரா?"

எழுந்துவிட்டார் என்று சொல்லி நான் நிறுத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் சக்கரவர்த்தி தன் ஊரில் அப்பாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு ஆபீசர் கேட்கும்போது மொட்டையாகப் பதில் சொன்னால் நம்புவாரா?

"அவரு எழுந்து எந்நேரமாச்சு சார். நாலு மணிக்கெல்லாம் எழுந்துடுவாரு. குளிச்சு, விளக்கேத்தி, அத்தைக்குத் தண்ணி எடுத்து ஊத்திட்டு, இப்பதான் கோயிலுக்குப் போனாரு. அவரைப் பாத்துத்தான் இந்தத் தெருவுல கடியாரம் வைக்கிறோம்."

ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நானும் நல்ல காரியம் செய்த நினைப்பில் பாலைக் காய்ச்சப் போனேன்.

அன்று சாயங்காலம் சக்கரவர்த்தி ஆபீஸ் விட்டு வந்து, சைக்கிளை எடுக்காமல் நேராக என் வாசலுக்கு வந்தார்.

"இன்னாக்கா சொன்னீங்க எங்க ஆபீசர்கிட்ட?"

"நல்லதாத்தாம்பா சொன்னேன். ஏன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். ஆபீசைத் திறந்து மூடுகிற பியூன் ரிட்டயர் ஆகிப் போய், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லையாம். ஆபீசருக்குக் காலை ஏழரைக்கே வந்து உட்கார்ந்து, கூட்டமில்லாமல் ஃபைல் பார்க்கிற பழக்கம். 'நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்க, விடியக்காலையிலயே எழுந்துடறீங்களாமே' என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். சாயங்காலமும் ஆபீசர் கிளம்பின பிறகுதான் பூட்ட வேண்டும். அவர் கிளம்ப ஏழு ஆகும்.

தங்கம்மாள் எதிர் வீட்டிலிருந்து வந்தாள். "தூங்குறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னாடி கொறஞ்சிடும் உனக்கு?"

"ஆபீசர்கிட்ட போயி தூங்குறாருன்னு சொல்றதா? அது மருவாதியா?"

"உன் மருவாதியில இவன் சாவறான்."

சக்கரவர்த்தி சண்டைக்கெல்லாம் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஏழரைக்கு ஆபீஸ் திறக்க வேண்டுமென்றால் ஏழு மணிக்காவது தங்கம்மாள் வீட்டில் இருக்க வேண்டும். அப்பாவைத் தூக்கித் துடைக்கிற வேலையை நாலு மணிக்கு மாற்றினார்கள். அவர் கண்ணைக்கூடத் திறக்கமாட்டாராம், தூக்கத்திலேயே உட்காரவைத்துத் துடைப்பார்களாம். அதற்கப்புறம் மகன் ராத்திரி ஒன்பதுக்கு வந்து தூக்குகிற வரைக்கும் அதே பக்கம்தான். பதினேழு மணி நேரம்.

ஆனி போய் ஆடி வந்தது. எங்கள் பக்கம் ஆடியில் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவனுக்கு அது நேரே முகத்துக்கு. ஒன்றரை மணி நேரத்து வழி இரண்டு மணிக்கு மேல் இழுத்தது. "பாதி வழியிலயே மலை தெரிஞ்சுடுதுக்கா. ஆனா மிதிக்கிறேன் மிதிக்கிறேன், அது அங்கயே நிக்குது, கிட்டவே வரல" என்றார் ஒருநாள், மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு. குடிக்க மறந்துபோயிருந்தார். தொண்டை எலும்பு தனியாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிலட்சுமியே வந்தாள். தங்கம்மாள் வீட்டில் நானும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல் பொறுக்க என் வீட்டில் இடமில்லையா என்று கேட்காதீர்கள்.

"மாமாவுக்கு முதுகுல ரெண்டு எடத்துல தோல் உரிஞ்சுபோச்சு அத்தை. அவரை இங்க கொண்டாந்து வெச்சுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன். வண்டி வெச்சுக் கொண்டாந்துடலாம். கூடமாட நான் வாரத்துக்கு ரெண்டு தரம் வந்துடுவேன்."

தங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இந்த நடையைப் பாருடி. சைக்கிள் நின்னா ஆள் போவ எடமில்ல. கட்டில் எங்க திரும்பும்? எனக்கும் வயசாச்சு."

அது நிஜம்தான். எங்கள் வீட்டில் பின்கட்டு காலியாகத்தான் கிடந்தது. கட்டில் என்ன, இரண்டு கட்டில் திரும்பும். ஆதிலட்சுமி என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். எனக்கு அப்போது பார்த்து அரிசியில் நிறையக் கல் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லிடச் சொல்லு உன் புருஷனை" என்றேன் பிறகு. "ஆபீசர் நல்ல மனுஷன். சாமி கும்புடறவரு."

"பொய் விலாசம் கொடுத்தேன்னு அவரே எழுதிக் கொடுத்தா மெமோ வரும், சஸ்பெண்டுகூட ஆவும்னு பயப்படறாருக்கா. இருந்தாலும் சொல்றேன்னுதான் சொல்லியிருக்காரு."

சொல்லத்தான் போனார், அடுத்த வாரம் புதன்கிழமை. அன்று சாயங்காலம் தங்கம்மாளிடம் அவர் விவரித்ததை நான் கூடத்திலிருந்தே கேட்டேன். ஆபீசர் மேஜைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். வாயைத் திறப்பதற்குள் ஆபீசரே பேசியிருக்கிறார். மேலேயிருந்து ஆறு பேரை வெளியூருக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, ராமநாதபுரம், தர்மபுரி என்று. சக்கரவர்த்தி பெயரும் அதில் இருந்ததாம். 'உங்க பேரை நான் எடுக்க வெச்சிட்டேன். அவசரத்துக்குக் கூப்பிட்டா வர்ற தூரத்துல ஒரு ஆளாவது எனக்கு வேணும் இல்லையா' என்றாராம்.

"நீ இன்னா சொன்ன?" என்றாள் தங்கம்மாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்னு சொன்னேன்."

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஆடி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு மணி ஆகியும் சைக்கிளைக் காணோம். ஏழே காலுக்கு ஆபீசர் மலை சுற்றி முடித்து வந்தவர், போகாமல் தங்கம்மாள் வாசலில் நின்று, "சக்கரவர்த்தி" என்று கூப்பிட்டார். ஏதோ அவசர ஃபைலாம், அப்போதே சாவி வேண்டுமாம். உள்ளேயிருந்து பதில் இல்லை. தங்கம்மாள் வீட்டுக்குள்தான் இருந்தாள். அடுப்படியை விட்டு அவள் வெளியே வரவே இல்லை. நான்தான் ஓடிப்போய் நின்றேன். என்ன ஆனாலும் இந்தத் தரம் வாயைத் திறப்பதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்திலிருந்து சக்கரவர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் டயர் சப்பையாகக் கிடந்தது. மூன்று மைல் தள்ளியே வந்திருக்கிறார். அந்த நேரத்துக்கு எந்தக் கடைக்காரன் திறந்திருப்பான்? கால் முழங்கால் வரை புழுதி. ஆதிலட்சுமி கிளம்பும்போது பூசிவிட்ட விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. ஆபீசரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சக்கரவர்த்தி, விடியக்காலையில எங்க போய்ட்டு வர்றீங்க?"

சக்கரவர்த்தி சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். நிதானமாகத்தான் போட்டார். சொல்லிவிடத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முகத்தில் ஒரு தெளிவே வந்துவிட்டது.

"சார், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"மலை சுத்திட்டு வராருங்க" என்றேன் நான். "தெனம் சுத்துவாரு. நடந்தா ஆபீசுக்கு நேரமாயிடும்னு சைக்கிள்ல."

ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவரைக் காப்பாற்றத்தான் என்று தங்கம்மாளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆபீசர் கண் கலங்கினதை நான் பார்த்தேன். கிட்டே போய் சக்கரவர்த்தியின் தோளில் கை வைத்தார்.

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே நீங்க. நானும் துணைக்கு ஆளில்லாம தனியா நடக்கறேன். ஆனா சைக்கிள்ல சுத்தறது சுத்தறதாகாது சக்கரவர்த்தி. நாளையிலேர்ந்து நாலு மணிக்கு என் ரூமுக்கு வந்துடுங்க. சேர்ந்தே நடக்கலாம். அப்படியே ஆபீசுக்குப் போயிடலாம்."

சக்கரவர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் ஆபீசரைப் பார்த்தார்.

"சரிங்க சார்."

ஆபீசர் சாவியை வாங்கிக்கொண்டு போன பிறகு சக்கரவர்த்தி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "கொஞ்சம் தண்ணி கொடுங்கக்கா" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

காலை நாலு மணிக்கு இங்கே நிற்க வேண்டுமென்றால் ராத்திரி ஒன்றரைக்கு அங்கே கிளம்ப வேண்டும். ஒன்பதுக்குப் போய்ச் சேர்கிற ஆள். அன்று சாயங்காலம் ஊருக்குப் போய் ஆதிலட்சுமியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மாற்று வேட்டியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிட்டார். அதிலிருந்து தங்கம்மாள் வீட்டு நடையில், சைக்கிளுக்குப் பக்கத்தில் படுக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் போய், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய வந்துவிடுகிறார். இனி யார் வந்து விசாரித்தாலும் விலாசத்தில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

ஊரில் பக்கத்து வீட்டு இருசப்பன் தினமும் ஒரு தரம் வந்து கிழவரைத் தூக்கிக் கொடுக்கிறானாம், ஞாபகம் இருக்கிற நாளில். போன வாரம் சட்டை துவைத்து எடுத்துக்கொண்டு வந்த ஆதிலட்சுமி சொன்னாள். கிழவருக்கு உடம்புதான் விழுந்ததே தவிர நினைவெல்லாம் சரியாக இருக்கிறது. நாலு நாளாக மகனைக் காணாமல், அவனை எந்த ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"திருவண்ணாமலைக்குன்னு சொன்னேன்க்கா. அவ்ளோ தூரமான்னாரு."