டெல்மருக்கு எட்டு வினாடி

டால்பெர்க் குடும்பம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடும். கூடினால் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் குடும்பத்தார் பெயர் வரிசை. இந்தத் தடவை அந்தப் பொறுப்பை மினியாபொலிஸில் இருக்கிற கார்லா என்கிற புண்ணியவதி தானாக எடுத்துக்கொண்டாள். சுறுசுறுப்பு தாங்காமல் ஜனவரியிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டாள். பிப்ரவரியில் டெல்மர் செத்துப்போனான். அவன் பெயரும் அண்ணன் ராய்ஸ் பெயருக்குக் கீழே பளிச்சென்று இருந்தது. போதாததற்கு பனியன் மஞ்சள்.

துள்ளும் குதிரை ஏறிப் பந்தயம் கட்டுகிற ரோடியோ மைதானத்துக்குள் மஞ்சள் ஆகவே ஆகாது. மஞ்சளை மங்களம் என்று கொண்டாடுகிற ஜனங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளட்டும். மொன்டானாவில் குதிரை ஏறுகிற எவனும் மஞ்சள் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ள மாட்டான். பட்டணத்துக்காரிக்கு அது எங்கே தெரியும்!

டெல்மரின் பெண்டாட்டி லோர்னாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கி மாட்டிக்கொண்டாள். கொடுத்தார்கள், போட்டாள். அவ்வளவுதான்.

ஐந்து மாதமாக எல்லாமே அப்படித்தான். அன்று கன்று ஈனும் கொட்டகையில் அவன் குப்புறக் கிடந்தான். தொட்டுப் பார்த்தாள், போன் பண்ணினாள். பிறகு பாதியில் மாட்டிக்கொண்டிருந்த கன்றைத் தானே இழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கல்லு மனசுக்காரி, ஒரு சொட்டுத் தண்ணி வரலையே" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளுக்கும் ஆச்சரியம்தான். அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. யார் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். அவன் துணிமணியைத் தேவாலயத்துக்குக் கொடுத்துடலாமா? ம். நாயை நாங்க கூட்டிட்டுப் போகட்டுமா என்று ராய்ஸ் கேட்டான். ம். பல் தேய்க்கிறபோதுதான் நாய் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

மே மாதம் ராய்ஸ் கூப்பிட்டான்.

"லோர்னா, பிஸ்கட் சும்மா நின்னு கொழுக்குறானே. வேலை பாக்குற குதிரை இல்லையா அது? என் பையன் கோல்பிக்குக் கொடுத்துடேன். ரோடியோ அன்னிக்கு டெல்மருக்கு மரியாதை பண்ணும்போது, ஊரு முன்னாடியே கயித்த அவன் கையில கொடு. நல்லா இருக்கும்."

"ம்."

நல்ல எண்ணத்தில்தான் கேட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர் பார்க்க ஒரு கயிறு கை மாறினால் மாறியதுதான். திருப்பிக் கேட்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. டெல்மருடையது என்று அவளிடம் மிச்சம் இருந்தது பிஸ்கட் ஒருவன்தான். அதுவும் இன்று, ஜூலை மாதத்து ரோடியோ நாள் சாயங்காலம், போகப்போகிறது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் உறைக்கவில்லை.

காலையில் ஊர்வலம். பிரெய்ரி ஃபோர்க் ஊரின் கடைவீதி இரண்டே தெரு. ஊர்வலம் கிளம்பினதும் முடிந்துவிடுகிறதே என்று அதை இரண்டு சுற்று விடுவது வழக்கம். தீயணைப்பு வண்டியிலிருந்து மிட்டாய் வீசினார்கள். பழைய டிராக்டர்கள் புகை கக்கின. டால்பெர்க்குகள் வைக்கோல் கட்டு ஏற்றிய வண்டியில் மஞ்சள் மஞ்சளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கொத்தமல்லிக் கட்டுக்கு நடுவுல பூசணிப்பூ மாதிரி இருக்கோம்" என்றாள் ராய்ஸின் மனைவி வோனா. "டெல்மர் இருந்தா கார்லாவ இந்த வண்டியில கட்டி இழுத்துட்டுப் போயிருப்பான்."

"அக்கா, அவ காதுல விழப்போகுது" என்றாள் லோர்னா.

"விழட்டுமே! நல்லாத்தான் விழட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். லோர்னாவும் வாயை விரித்தாள்.

வண்டிக்குப் பின்னால் கோல்பி குதிரை மேல் வந்தான். அவன் கையில் பிஸ்கட்டின் கயிறு. பிஸ்கட் முதுகில் ஆள் இல்லாத சேணம், கால் நுழைக்கிற அங்கவடிகளில் டெல்மரின் பூட்ஸ் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. செத்தவன் குதிரையை அப்படித்தான் நடத்துவார்கள். தெருவோரத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டாம் சுற்றிலும் சளைக்காமல் கழற்றினார்கள்.

டெல்மர் துள்ளும் குதிரை ஏறினவன் இல்லை. ஏறினவனைக் காப்பாற்றி இறக்குகிறவன். ஏறினவன் எட்டு வினாடி தாக்குப்பிடித்ததும் பஸ்ஸர் அலறும். உடனே இவன் பிஸ்கட்டை விரட்டிக்கொண்டு போய்த் துள்ளுகிற குதிரைக்குத் தோளோடு தோள் ஒட்டிவிடுவான். மேலே தொங்குகிறவன் இவன் இடுப்பைக் கட்டிக்கொள்வான். "பிடிச்சாச்சு. விடு" என்பான் டெல்மர். அந்தப் பையன் பிடியை விடுவான், பிஸ்கட் விலகிக்கொள்வான்.

பிஸ்கட்டைப் பழக்கினது வீட்டுக்குப் பின்னால்தான். கிழட்டுப் பெட்டைக் குதிரை மேல் லோர்னாவுக்குத்தான் துள்ளும் குதிரை ஏறினவன் வேஷம். சட்டியைக் கரண்டியால் தட்டுவாள், அதுதான் பஸ்ஸர். டெல்மர் பக்கத்தில் பாய்ந்து வருவான், அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். "பிடிச்சாச்சு. விடு." அவள் விடமாட்டாள். "அடியே, விடுன்னா விடணும். குதிரை தப்பாக் கத்துக்கும்!" என்று கத்துவான். அவள் இன்னும் இறுக்கிக்கொள்வாள்.

வைக்கோல் கட்டில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. யாரோ சொல்லக் கேட்ட கதை போல வந்து போனது. ஒரு பிள்ளை மடியில் மிட்டாய் போட்டது, தின்றாள்.

சாயங்காலம் மைதானம் நிரம்பியது. ரோடியோ அழகியாகத் தேர்ந்தெடுத்திருந்த பிரின்லி என்கிற பெண் கொடி பிடித்துக்கொண்டு வெள்ளைக் குதிரையில் சுற்றி வந்து நடுவில் நின்றாள். கோல்பி தன் குதிரையை வெளியே கட்டிவிட்டு, பிஸ்கட்டை நடத்திக் கூட்டிவந்தான். ராய்ஸும் லோர்னாவும் வேலியோரம் நின்றார்கள்.

"நான் சொன்னதும் உள்ள போ. கயித்த வாங்கி அவன்கிட்ட கொடுத்துட்டு வந்துடு" என்றான் ராய்ஸ். அப்போதுதான் அவன் கண் பனியனில் பட்டது. "ஐயையோ, மஞ்சளோடயா உள்ள போவ? இரு, என் கோட்டு தரேன்."

"ம்."

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். "நம்ம டெல்மர் டால்பெர்க்குக்கு ஒரு நிமிஷம் எதுக்கு? அவன் கணக்குலயே கொடுப்போம். எட்டு வினாடி மௌனம்."

மைதானமே அடங்கியது. ஒரு பிள்ளைகூட அழவில்லை.

கடிகாரம் பார்க்கிற வில்மாக் கிழவி முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். கை பழகின வேலை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு வந்தது. அழுத்திவிட்டாள்.

பஸ்ஸர் அலறியது.

பிஸ்கட் ஒரே இழுப்பில் கோல்பியைக் கவிழ்த்துவிட்டுப் பாய்ந்தான். அவனுக்கு மௌனமாவது மரியாதையாவது! மணி அடித்தாயிற்று, யாரோ ஒருவன் தொங்கிக்கொண்டிருக்கிறான், இறக்க வேண்டும். உள்ளே இருந்த வேறு ஒரே குதிரை பிரின்லியுடையது. நேரே போய்த் தோளோடு தோள் ஒட்டினான். வெள்ளைக் குதிரை மிரண்டு ஓட, அவனும் விடாமல் நெருக்கிக்கொண்டே ஓடினான். டெல்மரின் பூட்ஸ் பொத்து பொத்தென்று அவன் விலாவில் அடித்தது.

முதலில் கூட்டம் சிரித்தது. பிரின்லி கொடியைப் போட்டுவிட்டு அலறியதும் சிரிப்பு நின்றது. "வோ! வோ!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒலிபெருக்கியில் வில்மா, "கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று புலம்பினாள். கத்தலுக்கெல்லாம் பிஸ்கட் அசருவானா? கத்துகிற கூட்டத்தில்தானே அவன் பிழைப்பே. பிரின்லியின் ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவியது.

லோர்னா வேலிக்குள் புகுந்தாள்.

"மஞ்சளோட போகாதம்மா! கோட்டு!" என்று ராய்ஸ் கத்தினான்.

இரண்டு குதிரைகளும் வளைந்து அவளை நோக்கியே வந்தன. அவள் நகரவில்லை. பஸ்ஸரை மீறிக் கேட்கும்படி டெல்மர் எப்படிச் சொல்வானோ அப்படியே, அடித்தொண்டையிலிருந்து சொன்னாள்.

"பிடிச்சாச்சு. விடு."

பிஸ்கட் விலகினான். நாலடி ஓடி நின்றான். பிரின்லியை யாரோ ஓடிவந்து தாங்கி இறக்கினார்கள். பிஸ்கட் வழக்கம்போல் பக்கவாட்டில் திரும்பி, காதை நிமிர்த்தி, மூச்சிரைக்க நின்றான். முதுகில் இருக்கிறவன் தட்டிக்கொடுக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தான்.

லோர்னா கிட்டே போனாள். கழுத்தைத் தட்டிக்கொடுக்கத்தான் கையை நீட்டினாள். கை தானாகவே பழைய இடத்துக்குப் போனது. சேணத்துக்கு மேலே, இடுப்பு இருக்க வேண்டிய உயரத்தில். அங்கே ஒன்றுமில்லை.

அவளுக்கு டெல்மர் அப்போதுதான் செத்துப்போனான்.

ஐந்து மாதம் வராதது மொத்தமாக வந்தது. வெறும் சேணத்தைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, ஊர் பார்க்க அழுதாள். வலித்தது. நெஞ்செல்லாம் வலித்தது. அவள் விடவில்லை.

கோல்பி உடம்பெல்லாம் மண்ணாக நொண்டிக்கொண்டு வந்தான். கயிற்றின் தொங்கும் முனையை எடுத்துக்கொண்டான். நடுக்கயிறு சேணத்தோடு சேர்ந்து அவள் முஷ்டிக்குள் இருந்தது.

"சித்தி," என்றான் மெதுவாக. "விடுங்க. நான் பாத்துக்கறேன்."

"மாட்டேன்."

வேலிக்குள் பாதி வந்திருந்த ராய்ஸ் அப்படியே நின்றான். "என்னம்மா சொல்ற? அன்னிக்கு ம்னு சொன்னியே?"

"தரமாட்டேன் அத்தான். என் குதிரை. என் நாயையும் கொண்டுவந்து விடுங்க."

கோல்பி அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு கயிற்று முனையைக் கீழே போட்டுவிட்டு, அவள் குதிரையோடு வெளியே போக மைதானத்து வாசல் கதவைத் திறக்கப் போனான்.