தூம்பக்குடி செய்திகள், வாசிப்பது இர்ஃபானா

தூம்பக்குடி மாதா கோயிலுக்குப் புது ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து இறங்கியதும், பழைய குழாய் ஸ்பீக்கரை எங்கே போடுவதென்று தெரியாமல் பங்குச் சாமியார் ரெமிஜியஸ் அதைப் பக்கத்திலிருந்த தொடக்கப் பள்ளிக்குத் தள்ளிவிட்டார். தலைமை ஆசிரியை செபஸ்தியம்மாள் மறுப்புச் சொல்லவில்லை. சும்மா வருவதை வேண்டாமென்று சொல்கிற நிலையில் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர், மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் வாய்க்கால் கரை, திறந்து கிடந்தது. சம்பா அறுவடை முடிந்து, உளுந்து முளைத்த வயல்களிலிருந்து விரட்டப்பட்ட ஆடுகளுக்கெல்லாம் அந்த வழியாக வந்து ஒதுங்க வகுப்பறைதான் வாகாக இருந்தது.

ஸ்பீக்கரை ஓட்டுக்கு மேலே கட்டினார்கள். வயர் எட்டிய இடத்தில் கட்டியதால் அதன் வாய் மைதானத்தைப் பார்க்காமல் கடைத்தெருவைப் பார்த்தது.

காலைப் பிரார்த்தனையில் தினமும் ஒரு பிள்ளை பேப்பர் பார்த்துத் தலைப்புச் செய்தி வாசிக்க வேண்டும். பேப்பர் பஸ்ஸில் வரும். ஒரு நாள் பஸ் வரவில்லை.

"பேப்பர் இல்லைங்க டீச்சர்" என்றாள் ஐந்தாம் வகுப்பு இர்ஃபானா. மணி மணியான குரல் அவளுக்கு.

"அதனால என்ன? நம்ம ஊர்ச் செய்தியப் படி."

மழை வந்தது, வெயில் அடித்தது என்று ஏதாவது சொல்வாள் என்றுதான் செபஸ்தியம்மாள் நினைத்தார். இர்ஃபானா மைக்கைப் பிடித்தாள்.

"தூம்பக்குடி செய்திகள், வாசிப்பது இர்ஃபானா. காத்தான் மாமாவின் ஆட்டுக்கிடா நேற்று நம் பள்ளிக்குள் புகுந்து ஒன்றாம் வகுப்பு சார்ட்டைத் தின்றுவிட்டது. அனாவிலிருந்து ஔவன்னா வரை போய்விட்டது. அக்கன்னா மட்டும் மிச்சம் இருக்கிறது. பிரகதாம்பாள் அத்தை வீட்டில் நேற்று வைத்த மீன்குழம்பில் உப்பு அதிகம். மருமகள் போட்டதா, மாமியார் போட்டதா என்று இன்னும் தெரியவில்லை."

டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பத்து மணிக்குள் காத்தான் ஒரு புது சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

"நாளைக்கும் ஆடுன்னு வாசிச்சிடாதீங்க டீச்சர். பொண்ணு பார்க்க வர்றாங்க."

அன்றைக்குச் செபஸ்தியம்மாள் வெகுநேரம் யோசனையாக இருந்தார். கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுக் கிடைக்காததெல்லாம் அவர் நினைவில் வந்து போனது. மறுநாள் பஸ் பேப்பரைக் கொண்டுவந்தது. அவர் அதை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, இர்ஃபானா எழுதி வந்திருந்ததைக் கையில் வாங்கினார்.

அதில் பஞ்சநதம் பற்றி ஒரு செய்தி இருந்தது. பஞ்சநதம் ஊரிலேயே நிலம் அதிகம் உள்ளவர். மகன் சிங்கப்பூரில். போன ஆண்டு விழாவில், வாய்க்கால் பக்கச் சுவரைத் தானே கட்டித் தருவதாக மைக்கில் சொல்லி, பொன்னாடையும் போட்டுக்கொண்டு போனவர், அதன்பிறகு பள்ளிக்கூடம் இருக்கிற தெருப்பக்கமே வருவதில்லை.

நியாயமாகப் பார்த்தால் செபஸ்தியம்மாள் அந்தச் செய்தியை அடித்திருக்க வேண்டும். அவர் 'சுற்றுசுவர்' என்றிருந்த இடத்தில் ஒரு 'ச்' மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பஞ்சநதம் ஐயா வீட்டுக்குப் புது கேட் வந்திருக்கிறது. அதில் இரண்டு சிங்கங்கள் இருக்கின்றன. நம் பள்ளிச் சுற்றுச்சுவர் வந்ததா என்று விசாரித்தோம். சிங்கம் மட்டும்தான் வந்திருக்கிறது."

பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போவதற்குள் பஞ்சநதத்தின் புல்லட் வந்து நின்றது.

"என்ன டீச்சர் இது? பச்சப்புள்ளய வச்சு என் மானத்த வாங்குறீங்க?"

"ஐயா, உக்காருங்க. பிள்ளைங்க கண்ணால பார்த்தத எழுதுதுங்க. பொய்யா இருந்தா சொல்லுங்க, நாளைக்கே மறுப்பு வாசிச்சிடலாம்."

"என்னன்னு வாசிப்பீங்க?"

"பஞ்சநதம் ஐயா வீட்டு கேட்டுல சிங்கம் இல்லன்னு."

பஞ்சநதம் புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் ஒரு லாரி செங்கல் வந்து இறங்கியது. மறுநாள் செய்தியில் அவர் பெயருக்கு முன்னால் 'கல்விக் காவலர்' என்று சேர்த்து, இரண்டு தரம் வாசிக்க வைத்தார் செபஸ்தியம்மாள். அதைக் கேட்கப் பஞ்சநதம் டீக்கடையில் வந்து உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது.

அதற்குப் பிறகு செபஸ்தியம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. செய்தியில் வர ஆசைப்பட்டவர்கள் ஒரு பக்கம், வராமலிருக்க ஆசைப்பட்டவர்கள் ஒரு பக்கம் என்று தூம்பக்குடி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. பிரகதாம்பாள் சிமெண்ட் மூட்டையோடு வந்தார்.

"எம் மருமக சமையலப் பத்தி எது வேணா வாசிங்க டீச்சர். என் சமையலப் பத்தி மூச்சு விடக் கூடாது."

மணல் வந்தது, ஜல்லி வந்தது. கொத்தனார் மருதையன், தான் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்ததை எந்தப் பிள்ளையும் பார்க்கவில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு, கூலி இல்லாமல் வேலைக்கு வந்தார். பணமாக வேண்டாம், பொருளாகக் கொடுங்கள் என்று செபஸ்தியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர் உருக வேண்டுமென்று, பூசை முடிந்து வெளியே வந்த பெண்களிடம் இன்னொன்றும் சொல்லி வைத்தார்: "சுவர் முடியற வரைக்கும் நான் வெள்ளிக்கிழமை ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு. கவிச்சி கிடையாது."

சுவர் இடுப்பு உயரம் வந்ததும் வேலை நின்றுபோனது. காரணம் வேறொன்றுமில்லை, ஊர் திருந்திவிட்டது. ஆடுகள் கட்டுத்தறியில் நின்றன. சண்டைகள் கதவைச் சாத்திக்கொண்டு, குசுகுசுவென்று நடந்தன. மருதையன் மோர் குடித்தார். இர்ஃபானா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "இன்று செய்தி ஒன்றும் இல்லை, வெயில் அடிக்கிறது" என்று வாசித்தாள். செய்தி இல்லாததால் சிமெண்டும் இல்லை. இடுப்பு உயரச் சுவரை ஆடுகள் ஒரே தாவில் தாண்டிவிடும். கட்டை அவிழ்த்துவிட்டால் போதும்.

ஒரு திங்கட்கிழமை. பார்க்க என்ன இருக்கிறது என்று செபஸ்தியம்மாள் தாளை வாங்கிப் பார்க்காமலே விட்டுவிட்டார். இர்ஃபானா வெயிலை வாசித்து முடித்து, மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கடைசியாக ஒரு செய்தி. நம் தலைமை ஆசிரியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மட்டன் கொத்துப் பரோட்டா சாப்பிட்டார். இரண்டு தரம் சால்னா வாங்கினார். எங்கள் அத்தா போன வாரம்தான் அந்தக் கடையில் மாஸ்டராகச் சேர்ந்தார்."

செபஸ்தியம்மாளுக்குக் காது மடல் சுட்டது. கடையின் கடைசி மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நிற்பது யாரென்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. கல்வி அலுவலகத்தில் காலையிலிருந்து காத்திருந்த பசி அப்படி. இப்போது பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். ஓடி ஒளியலாம் என்று கால்கள் சொல்லின. ஆனால் இத்தனை நாள் இந்த ஊரில் எத்தனை பேருக்கு இப்படிக் காது சுட்டிருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் மைக்கை வாங்கினார்.

"செய்தியில ஒரு திருத்தம். சால்னா ரெண்டு தரம் இல்ல, மூணு தரம். மத்ததெல்லாம் உண்மை. ஒருசந்திய முறிச்சதுக்கு அபராதமா, வாய்க்கால் பக்கம் போடுற கேட் என் செலவு."

கடைத்தெருவில் எழுந்த சிரிப்பில் ஓட்டில் இருந்த காக்கைகள் பறந்தன. அன்றைக்கு மத்தியானத்துக்குள் மிச்சச் சுவருக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. முதல் ஆளாக வந்தவர் பஞ்சநதம். சிமெண்ட் மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு, இத்தனை நாள் இல்லாத உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பதான் டீச்சர் நீங்க நம்ம ஊர் ஆளு" என்றார். "அந்தக் கடையில ஈரல் வறுவல் சாப்பிட்டீங்களா? இல்லன்னா என்னத்த போனீங்க?"

ஈஸ்டர் பாஸ்காவுக்கு முந்தின வாரம் சுவர் முடிந்தது. ஃபாதர் ரெமிஜியஸ் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எல்லோருக்கும் மிக்சர் கொடுத்து அனுப்பிய பிறகும் அவர் போகவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், சாமியார் வீட்டுல ரெண்டு ஃபேன் புதுசா, பிரிக்காம கெடக்குது. பிள்ளைங்களுக்கு மாட்டிக் குடுத்திடலாம்னு பார்க்கறேன்."

"ஃபாதர், நாங்க கேக்கவே இல்லையே!"

"பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே ஃபாதர் வேகமாக நடந்துவிட்டார். மறுநாள் ஃபேன்கள் வந்து, பெரிய வகுப்பில் மாட்டியும் ஆகிவிட்டது.

செபஸ்தியம்மாள் இர்ஃபானாவைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஃபாதரப் பத்தி ஒனக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாதுங்க டீச்சர்."

"நெசமா?"

"நெசமாங்க டீச்சர். முந்தாநேத்து கடைத்தெருவுல பார்த்தேன். 'நல்லா இருக்கீங்களா ஃபாதர்'னு கேட்டேன். அவ்வளவுதான்."