குடம் இருந்தால் ஆள் இருக்கு

என் தம்பி குமரேசன் பிறந்தபோது எல்லாரும் வந்து அம்மாவை வாழ்த்தினார்கள். அவர்களில் ஒருவராவது என் பக்கம் திரும்பி, "இனிமே உனக்குத்தாண்டி வேலை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கொஞ்சம் தயாராக இருந்திருப்பேன். நான் ஆறாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, அம்மா அவனைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதற்கப்புறம் அவன் இறங்கவே இல்லை.

அப்பா பம்பாய்க்கு வேலை தேடிப் போனவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் போல. அம்மா இருசம்மாளுக்கு ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களில் அண்டா தேய்க்கும் வேலை. அரியமங்கலத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அவளோடு அங்கே போவார்கள். மீதிப் பேருக்குத் தென்னூரில் வீட்டு வேலை. விடியுமுன் பஸ் ஏறினால் திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும். அதுவரை தெருவில் நிற்பவர்கள் என்னைப் போல் ஆளுக்கொரு பிள்ளையைச் சுமந்த பெண்பிள்ளைகள்தான். எங்களில் ஒருத்தியும் பள்ளிக்கூடம் போகவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. பிள்ளையை எங்கே விடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

எங்களுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. தெருக்குழாயில் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தண்ணீர் வரும். குடங்கள் மத்தியானமே வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். அந்தக் குடங்களுக்கு நாங்கள் காவல். ஒருமுறை ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்தி, குடம் நசுங்கி, அதைவிட மோசமாக இரண்டு வீட்டுப் பேச்சுவார்த்தையும் முறிந்து, விவகாரம் நல்லதம்பி மாமாவிடம் போனது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். எங்கள் தெருவுக்குத் தலைவரும் அவர்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யூனியனில் பேசிப் பழகிய குரல், அதுவே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

"வரிசையில குடம் இருந்தா ஆள் இருக்குன்னுதான் அர்த்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். "ஆள் எங்க வேணா போயிருக்கட்டும். குடத்தை நகத்துனா ஆளையே பிடிச்சுத் தள்ளுன மாதிரி."

அந்தத் தீர்ப்பு அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. டீக்கடையில் சொன்னார், காதுகுத்து வீட்டில் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. யாராவது குடத்தில் கை வைத்தால், "நல்லதம்பி மாமா சொல்லியிருக்காரு" என்போம். கை தானாக விலகிவிடும்.

எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளம் வந்தபோது நிவாரணச் சாமான்கள் வைக்க எங்கள் தெருக்கோடியில் ஒரு கொட்டகை போட்டார்கள். அரிசியும் போர்வையும் கொடுத்து முடிந்ததும் அது காலியாக நின்றது. கூரை ஒழுகாத கட்டடம் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். அதனால் எல்லார் கண்ணும் அதன் மேலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இருதயமேரி அக்கா எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கினார். சேவைச் சங்கம் ஒன்றில் வேலை. கண்ணாடி போட்ட ஒல்லியான பெண், கையில் எப்போதும் குடை. முதலில் படம் வரைந்த அட்டைகளோடு வந்து, பெண்களுக்குக் கூட்டம் என்று அறிவித்தார். கூட்டத்துக்கு வந்தது நாங்களும் ஓர் ஆடும்தான். ஆடு ஓர் அட்டையின் மூலையைத் தின்றுவிட்டுப் போனது. மறுவாரம் அக்கா அட்டையை விட்டுவிட்டு, ஒரு நீல பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டு வந்து குழாய் வரிசையில் நின்றார். இவருக்கு எதற்குத் தண்ணீர் என்று பெண்கள் கேட்டார்கள். அங்கே தொடங்கிய பேச்சு அப்புறம் நிற்கவில்லை.

ஒருநாள் வரிசையில் இருந்தவர்களிடம், "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டார். எல்லாரும் தண்ணீர் என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "பாக்கியம், உனக்கு?" என்றார்.

"இவனைக் கொஞ்ச நேரம் யாராச்சும் வாங்கிக்கிட்டாப் போதும்க்கா."

அவரே வாங்கிக்கொண்டார். குமரேசன் உடனே அவர் கண்ணாடியைப் பிடுங்கினான். கண்ணாடி இல்லாமல் அவர் எங்கள் இடுப்புகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரும்போது ஒரு யோசனையோடு வந்தார். கொட்டகையில் பால்வாடி வைக்கலாம். சங்கம் ஓர் ஆயாவைப் போடும், பெண்கள் முறை வைத்து உதவலாம். பிள்ளைகள் அங்கே இருந்தால் நாங்கள் பள்ளிக்கூடம் போகலாம். தலைமையாசிரியை ஜூன் மாதம் எங்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஆனால் கொட்டகை தெருவுக்குச் சொந்தம், அதனால் தெருக்கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஆண்களுக்குக் கொட்டகையில் மன்றம் வேண்டும். கேரம் போர்டு, ரேடியோ, பேப்பர். அவர்களில் செபஸ்தியான் அண்ணன் அதற்குள் கேரம் போர்டே வாங்கி வைத்திருந்தார். "நாள் பூரா உழைச்சிட்டு வர்ற மனுஷன் எங்கதான் உக்காருவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாள் பூரா உழைத்துவிட்டு வருகிற மனுஷி எங்கே உட்காருவாள் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

நல்லதம்பி மாமா ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றார். அன்றைக்கு வைகாசி முகூர்த்தம். ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபம் பாக்கியில்லாமல் கல்யாணம். தென்னூர் வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமைதான் பாத்திரம் அதிகம். தெருவில் ஒரு பெண் இருக்கமாட்டாள். சாயங்காலம் வைக்கலாமே என்று இருதயமேரி அக்கா கேட்டுப் பார்த்தார்.

"சாயங்காலம் ஆம்பளைங்க சினிமாவுக்குப் போயிருவாங்க டீச்சரம்மா" என்றார் மாமா. அக்கா டீச்சர் இல்லை; கண்ணாடி போட்ட எல்லாரும் அவருக்கு டீச்சர். "வர்றவங்க வரட்டும். இருக்கிறவங்களைத்தான் எண்ண முடியும்."

அன்று சாயங்காலம் குழாயடியில் குடங்களோடு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. இந்த ஜூன் போனால் அடுத்த ஜூனுக்குள் நான் அண்டா தேய்க்கும் அளவுக்கு வளர்ந்துவிடுவேன், அம்மா என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள், அதோடு என் படிப்பு முடிந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லதம்பி மாமாவின் மனைவி மாரியாயி அத்தை திடீரென்று சிரித்தாள். "இருக்கிறவங்களைத்தான் எண்ணுவாராமா? நம்மளால இருக்க முடியலைன்னா என்ன, குடம் இருக்கட்டும்."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அது நல்ல யோசனையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒவ்வொருத்தியும் கொட்டகை வாசலில் தன் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். பித்தளை, எவர்சில்வர், ஈயம் என்று வரிசை நீண்டது. கடைசியில் அம்மாவின் மண்குடம். எங்கள் பித்தளைக் குடம் வெள்ளத்தோடு போய்விட்டது. இருதயமேரி அக்கா வந்து குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவருடைய நீலக் குடம் வரிசையில் இல்லை. "நான் இந்தத் தெரு இல்லையே, பாக்கியம்" என்றார். அவர் எனக்காகப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். நீயே பேசு என்பதுபோல் தலையாட்டினார்.

ஒன்பது மணிக்கு ஆண்கள் வந்தார்கள்.

"என்ன இது, இங்கேயும் குழாய் போட்டுட்டாங்களா?" என்றார் நல்லதம்பி மாமா.

"தண்ணிக்கு இல்ல மாமா. கூட்டத்துக்கு" என்றேன். குமரேசன் கனமாக இருந்தான். "பால்வாடி வேணும்கிறவங்க எல்லாம் வரிசையில இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"குடம் இருந்தா ஆள் இருக்குன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க."

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. முதல் குடத்தைக் குனிந்து பார்த்தார். பெரிய கடை வீதியில் அவரே வாங்கி, கூடவே நின்று பேர் வெட்டிக்கொண்டு வந்த குடம். 'பொ.நல்லதம்பி' என்று தெளிவாக இருந்தது. "மாரியாயி" என்றார் மெதுவாக.

செபஸ்தியான் அண்ணன் அந்தப் பேரைப் பார்த்துவிட்டார். "அண்ணே, இந்தக் குடத்துல என் பேரு இருக்கு. நான் வாங்கினது. அப்ப இது என் ஓட்டுதானே? நான் மன்றத்துக்குப் போடுறேன்" என்று தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஆளாளுக்கு வரிசையில் புகுந்து தங்கள் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். நாங்கள் விடியுமுன்னிருந்து காத்த வரிசை கண்ணெதிரே கலைந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வைங்கப்பா கீழ" என்றது யூனியன் குரல். "யாரு வாங்கின குடம்னு நான் அன்னிக்கும் பார்க்கல. யாரு சுமக்கிறாங்கன்னுதான் பார்த்தேன். செபஸ்தியான், அது உன் ஓட்டுன்னா சரி. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அதை நீயே கொண்டுபோய் குழாயடியில நில்லு. நாளைக்கும் நில்லு."

செபஸ்தியான் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு குடத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, கோணாமல் சரிசெய்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

மாமாவுக்குப் பால்வாடி மேல் ஆசை ஒன்றும் இல்லை. மன்றம் வந்தால் அவருக்குத் தலைவர் நாற்காலி உண்டு. ஆனால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தீர்ப்பைத் தன் வாயாலேயே மாற்றுவது அவரால் ஆகாத காரியம். மன்றத்துக்குக் கை தூக்கச் சொல்லி எண்ணினார். அவர் தூக்கவில்லை; கணக்கு சரிக்குச் சரியானால் அவர் சொல்வதுதான் முடிவு. அப்புறம் குடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். மண்குடத்துக்கு முந்திய குடத்தோடு சரிக்குச் சரி ஆனது.

"அண்ணே, அது மண்குடம்" என்றார் செபஸ்தியான் அண்ணன். "பேரே இல்ல. யாரு வேணா கொண்டாந்து வச்சிருக்கலாம்."

"எங்க அம்மாவோடது" என்றேன்.

"எங்க, பேரைக் காட்டு."

மண்குடத்தில் எப்படிப் பேர் வெட்டுவது? வெட்டினால் உடையும். மாமா என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துத் திறந்தார்.

"எழுதத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எழுது."

எழுத வேண்டுமானால் குமரேசனை யாரிடமாவது கொடுக்க வேண்டும். பக்கத்தில் நின்றது செபஸ்தியான் அண்ணன். அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சுண்ணாம்பை விரலில் எடுத்தேன். காலாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் நான் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. மறந்திருக்குமோ என்று பயமாக இருந்தது. மறக்கவில்லை. சிவப்புக் குடத்தில் வெள்ளையாக ஒவ்வொன்றாக வந்தது. இருசம்மாள். கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, சீக்கிரம் எண்ணுங்க" என்றார் செபஸ்தியான் அண்ணன். குமரேசன் அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை நனைத்து முடித்திருந்தான். "பால்வாடியே வரட்டும். யாராச்சும் இவனை வாங்குங்க."

மாமா மண்குடத்தையும் தொட்டு எண்ணினார். எழுத்தின் மேல் கை படாமல் தொட்டார்.

ஜூன் மாதம் குமரேசனைக் கொட்டகையில் இறக்கிவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். முதல் வாரம் முழுக்க ஒருபக்கமாகச் சாய்ந்தே நடந்தேன். செபஸ்தியான் அண்ணனுக்கும் குறை வைக்கவில்லை. ஆறு மணிக்குமேல் கொட்டகை அவர்களுக்கு. கேரம் போர்டு பவுடரைப் பிள்ளைகள் தின்கிறார்கள் என்று அவரும், பிள்ளைகள் தின்னும்படி ஏன் வைக்கிறீர்கள் என்று பெண்களும் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள்.

ஆனால் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தைத்தான். அம்மா மண்டபத்திலிருந்து களைத்து வந்து குடத்தைப் பார்த்தாள்.

"என்னடி இது, குடத்துல சுண்ணாம்பு?"

"உன் பேரும்மா."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். எழுத்தைத் தொடாமல் பக்கத்திலேயே தன் விரலைக் கொண்டுபோய், நீண்ட வால் வரைக்கும் வந்து நிறுத்தினாள். "இவ்வளவு பெரிசா?" என்றாள்.

நாலு மணிக்குத் தண்ணீர் பிடித்தாள். எழுத்து இடுப்பில் உரசாமல், வெளிப்பக்கம் தெரியும்படி குடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். குழாயிலிருந்து எங்கள் வீடு நாலாவது வீடுதான். அம்மா அன்று நேரே வீட்டுக்கு வரவில்லை. டீக்கடைப் பக்கமாகத் திரும்பி, நிறைகுடத்தோடு தெரு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.