பெயர் எழுதிய நாற்காலிகள்

1979 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழகத்துக்குப் பரமசிவம் நன்கொடையாகக் கொடுத்த முந்நூறு நாற்காலிகளும் பண்ருட்டி வழியாக நடந்து, நெய்வேலிச் சுரங்கத்தில் சாயங்கால ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன் மந்தாரக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. பதினோரு நாற்காலிகளில் மாணவர்கள் இருந்தார்கள். பரீட்சை நேரம் வீணாகுமே என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டார்கள். பரமசிவத்தின் மனைவி தனபாக்கியம் அவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

பரமசிவம் சுரங்கத்து மண் அள்ளும் லாரிக் காண்டிராக்டர். சும்மா சொல்லக்கூடாது, தாராளமான கை. ஆனால் எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதியாக வேண்டும். கோயிலுக்கு அவர் கொடுத்த டியூப்லைட்டில் பெயர் போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம். நாற்காலிகளுக்கு முதுகு, கை, கால் எங்கும் பாவாடை என்கிற பெயின்டரை விட்டு எழுத வைத்தார். அவ்வளவு பெயரைச் சுமந்தவை சொந்தக்காரரைத் தேடி வராமல் என்ன செய்யும்? லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தன. இரண்டு வருஷம் இதே கூத்து.

தனபாக்கியத்துக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் பி.யூ.சி. தேறிய கையோடு, மேலே படிக்கவிடாமல் கட்டிக்கொண்டு வந்தவர் இவர்.

"ஊரான் புள்ளைங்களுக்கு நாற்காலி வாங்கித் தர்றீங்க. நான் படிக்கறேன்னா மட்டும் அடுப்ப யாரு பாக்கறதுன்னு கேட்டுக்கினு இருக்கீங்க."

1981-இல் பதிவாளர் கோபாலகிருஷ்ணனே நேரில் வந்தார். "கணக்குத் துறையில ஆராய்ஞ்சுட்டாங்க. பேருக்கு உரியவங்க வெள்ளிக்கிழமை எங்க இருக்காங்களோ, அங்கதான் நாற்காலி நிக்குமாம். பேர அழிச்சுடலாம், இல்லன்னா நீங்க வந்து வகுப்புல உக்காரணும்."

பரமசிவம் நான்கு வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தார். நாற்காலிகள் அசையவில்லை. ஆனால் அவர் விட்ட குறட்டையில் பொருளாதாரப் பேராசிரியருக்குப் பாடமே மறந்துபோக, ஐந்தாம் வாரம் வரவேண்டாம் என்று பதிவாளரே கும்பிட்டார். பெயரை அழிப்பது என்றதும் பரமசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"என் பேர எழுதச் சொல்லுங்க. நான் போய்ப் படிக்கறேன்" என்றாள் தனபாக்கியம்.

"அடுப்பு?"

"அது நடந்து எங்கியும் போவாது. நீங்களே பாத்துக்கலாம்."

பாவாடை பழைய பெயரைச் சுரண்டும்போது, கடைசியில் தன் பெயரையும் பொடியாகப் போடச் சொல்லிக் கெஞ்சினார் பரமசிவம்.

"நாற்காலி கொழம்பிடும்ங்க" என்று பாவாடை மறுத்துவிட்டார்.

தனபாக்கியம் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமைகூட லீவு போடவில்லை. பரமசிவத்துக்கு ரசம் நன்றாகவே வந்தது. 1984-இல் அவள் பட்டம் வாங்கிய அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலிகள் பண்ருட்டியைத் தாண்டிவிட்டன. பதிவாளர் ஜீப்பில் அவற்றை முந்திக்கொண்டு வந்து எம்.ஏ. விண்ணப்பத்தை நீட்டினார். தனபாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"பேனா இருக்குதுங்களா?"