பெயர் கேட்காத வரிசை

கந்தனின் இரைப்பையில் புற்றுநோய் இல்லை. டாக்டர் குருமூர்த்தி எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டு, மேலும் கீழும் திருப்பி, பத்து நிமிடம் திரையையே பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். பக்கத்தில் நின்ற நர்ஸ் ரோசிக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் இதே மேசையில், இதே கந்தனின் ஃபைலை வைத்துக்கொண்டு, இதே குருமூர்த்திதான் புண்ணைக் கண்டுபிடித்துத் துளி சதை எடுத்தனுப்பினார். அது புற்றுதான் என்று பரிசோதனைக்கூடமும் எழுதிக்கொடுத்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் எதற்கும் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று இன்று மறுபடி பார்த்தார்கள்.

"ஆறின தடம்கூட இல்ல சிஸ்டர். அன்னைக்குப் பார்த்தது இந்த வயிறு இல்ல," என்றார் குருமூர்த்தி.

ரோசி ஃபைலைத் திறந்து பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தாள். அப்படியானால் அந்தப் புண் யார் வயிற்றில் இருக்கிறது?

ரோசி சேலம் ஃபேர்லேண்ட்ஸ்காரி. பதினாறு வருட சர்வீஸ். அந்த அரசு ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோப்பி அறைக்கு அவள் மாற்றலாகி வந்தபோது, குழாய் விட்டுப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு மாதத்தில் சிலருக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. காலையில் பெயரைக் கூவினால் ஆள் கழிப்பறையில் இருப்பார். இன்னொருவர் வெறும் வயிற்றோடு வரச் சொன்னதற்கு, "ஒண்ணுமே சாப்பிடலீங்க, டீ மட்டுந்தான் குடிச்சேன்," என்பார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரைப் பார்ப்பதற்குள் மதியமாகிவிடும்.

ரோசி அதையெல்லாம் மாற்றினாள். முதல்நாள் சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "டீயும் சாப்பாடுதானுங்க," என்று சொல்லவைத்தாள். அறைக்கு வெளியே பத்து நாற்காலி போட்டு, ஆட்கள் உட்கார்ந்த வரிசையிலேயே ஃபைல்களையும் அடுக்கினாள். கையெழுத்தெல்லாம் நாற்காலியிலேயே வாங்கியாகிவிடும். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் ஒரு நாற்காலி முன்னால் நகர வேண்டியதுதான். பெயரைக் கூவுகிற வேலையே கிடையாது. பன்னிரண்டு பேர் முப்பது பேராயிற்று. நான்கு மாதக் காத்திருப்பு மூன்று வாரமாயிற்று. சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு. இருக்காதா பின்னே?

மயக்கம் தெளிந்த மாதிரி எழுந்து உட்கார்ந்த கந்தனிடம் குருமூர்த்தி விஷயத்தைச் சொன்னார். எடப்பாடியில் தறி ஓட்டுகிற மனுஷர். கொஞ்சநேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"என்ற ரெண்டு தறியையும் வித்துப்போட்டனுங்களே. புள்ளைக்கு அவசர அவசரமா நிச்சயம் பண்ணிப்போட்டனுங்களே. இல்லாத நோவுக்குங்களா?"

 ரோசி அவர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். கந்தன் யோசித்தார்.

"மொத நாற்காலியில நாந்தானுங்க. நீங்க கதவத் தொறந்து கூப்பிட்டீங்க. நான் செருப்பத் தொடுக்கறதுக்குள்ள பக்கத்து நாற்காலிக்காரரு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. பாவம், அவருக்கு என்ன அவசரமோன்னு விட்டுட்டனுங்க. அவரு வெளிய வந்ததும் நான் வந்தேன்."

"நான் என்னன்னு கூப்பிட்டேன்?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதானுங்க. கண்ணு, சாமி, உள்ள வாங்கன்னீங்க."

அப்படித்தான் கூப்பிடுவாள். எண்பது வயதுக் கிழவரானாலும் எட்டு வயதுக் குழந்தையானாலும் அவளுக்குக் கண்ணுதான், சாமிதான். பயந்து வருகிற ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப் பயம் போய்விடும். ரோசி அன்றைய பதிவேட்டைப் புரட்டினாள். கந்தனுக்கு அடுத்த வரியில், அவள் கையெழுத்திலேயே இருந்தது: கண்ணுசாமி, வயது 58, சேந்தமங்கலம். முடிவு: கோளாறு ஏதுமில்லை.

 அந்த மனுஷர் தன் பெயரைத்தான் கேட்டு எழுந்து, கந்தனின் ஃபைலில் உள்ளே போயிருக்கிறார்; கந்தன் அவருடைய ஃபைலில் வந்திருக்கிறார். அவள் வாசலிலேயே தொண்டை மரத்துப்போக மருந்தடித்துவிட்டாள்; அதற்குமேல் அவரால் வாயைத் திறந்து என்ன சொல்ல முடியும்? ஃபைலைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்த்து, "உங்க பேர் என்னங்க?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, மறுபரிசோதனைன்னு மட்டும் சொல்லி வரவைப்போம். காரணமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் குருமூர்த்தி. கெட்டவர் அல்ல, அவருக்கும் பயம்.

"நான் நேர்ல போறேன் சார். என் வாயாலதான் சொல்லணும்," என்றாள் ரோசி.

ஆஸ்பத்திரி ஜீப்பிலேயே போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சேந்தமங்கலத்தைத் தாண்டி ஒரு மரவள்ளிக்காட்டு ஓரத்து வீட்டின் முன்னால் வண்டி நின்றது. வாசலுக்கு வந்த கண்ணுசாமியைப் பார்த்ததும் நூறு தரம் சொல்லிப் பார்த்தது அத்தனையும் மறந்துபோயிற்று. அவர் மொட்டையடித்திருந்தார்.

"வாங்க, வாங்க," என்று அவர் மனைவி உண்ணாமலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நம்ம நர்சம்மா வந்திருக்காங்க பாருங்க. ஊட்டுக்குள்ள வாங்க."

"மொட்டை எதுக்குங்க?" ரோசி கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

"வேண்டுதலுங்க. ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்தா முடியெறக்கறதா வேண்டியிருந்தாரு. உங்க பேரு தெரியலீங்க. நர்சம்மான்னு சொல்லி உங்களுக்கும் ஒரு தேங்கா ஒடச்சோம்."

ரோசி உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள். ரிப்போர்ட் மாறிப்போனதையும், மாற்றியது தான்தான் என்பதையும், அவர் வயிற்றில் புற்று இருப்பதையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

உண்ணாமலை சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுசாமி மழமழவென்றிருந்த தலையைத் தடவியபடி நின்றார்.

"பசி நல்லா எடுக்குதுங்களே," என்றார் மெதுவாக. "மாத்திர போட்டதும் எரிச்சல்கூட நின்னுபோச்சுங்களே."

"அது அசிடிட்டி மாத்திரைங்க. எரிச்சலத்தான் நிறுத்தும்."

அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூட ரோசிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்தார்கள். வரிசையில் அவர்தான் முதல் ஆள். பெயர், ஊர், வயது மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, ஃபைலோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் ரோசி மருந்தடித்தாள். குழாய் உள்ளே போன இரண்டாவது நிமிடம் திரையில் அது தெரிந்தது. இரைப்பையின் கீழ்ப்பக்கம், ஓரம் தடித்து, முன்பைவிடப் பெரிதாக இருந்தது. குருமூர்த்தி வெளியே வந்து உண்ணாமலையிடம் சொன்னார்.

"கொஞ்சம் வளர்ந்திருக்குதும்மா. ஆனா இன்னும் வெட்டி எடுக்கற அளவுலதான் இருக்குது. ஸ்கேன் பார்த்துட்டு இந்த வாரமே ஆபரேஷன் வெச்சிரலாம். நான் நம்பிக்கையாத்தான் இருக்கேன்."

 மாதாவே என்று ரோசி முணுமுணுத்தாள். உண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் கையை விலக்கவில்லை.

"ஏனுங்க," என்றாள் உண்ணாமலை, சற்று நேரம் கழித்து. "இப்படிப் பேரக் கேக்காம உக்காரவெச்சு அனுப்பறது எத்தன நாளா நடக்குதுங்க?"

"அஞ்சு மாசமா நடக்குதுங்க."

"ஒரு நாளைக்கு எத்தன பேரு வருவாங்க?"

"முப்பது."

உண்ணாமலை விரல்விட்டு எண்ணப் பார்த்தாள், எண்ணிக்கை பிடிபடவில்லை. ரோசிக்குப் பிடிபட்டது. மூவாயிரத்துக்கு மேல். அவள் முகத்தைப் பார்த்த உண்ணாமலை கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அப்ப எங்கள மாதிரி இன்னும் யாரு யாருங்க மொட்டையடிச்சிட்டு நிக்கறாங்க?"

ரோசி உள்ளே போய்ப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.